மூளை பெரிதாக இருந்தால் புதிய இடத்தில் பிழைத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி இது: "மூளை பெரிதாக உள்ள விலங்குகள் புதிய சூழலில் எளிதாகப் பிழைத்துக்கொள்கின்றன என்று படித்தேன். புத்தியைக் கொண்டே சமாளித்துவிட்டால் உடல் மாறத் தேவையில்லையே, அப்போது பரிணாமம் நின்றுவிடாதா? மூளை சின்னதாக உள்ளவற்றின் கதி என்ன?"

பறவைகளையும் பாலூட்டிகளையும் பொறுத்தவரை, நீங்கள் படித்தது பெரும்பாலும் சரி. ஆனால் அந்த நன்மை, புதிய இடத்துக்குள் நுழையும் ஆரம்ப காலத்தில்தான் பெரிதாகத் தெரிகிறது. காலூன்றிய பிறகு அதற்குக் கொடுக்கும் விலை தெரிய ஆரம்பிக்கிறது. இதைக் கவனிக்காமல் "மூளை பெரிது, அதனால் வெற்றி" என்று சொல்லிவிட்டால் பாதிக் கதை போய்விடும். பரிணாமம் நிற்குமா என்பதற்கு ஒரு மலைப்பல்லியிடம் அருமையான பதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'பெரிய மூளை' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூளை சுமார் 8 கிலோ. நம்முடையது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. சிட்டுக்குருவியின் மூளை ஏறக்குறைய ஒரு கிராம். உடல் பெருக்கப் பெருக்க மூளையும் பெருக்கிறது, ஆனால் அதே விகிதத்தில் பெருப்பதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் வெறும் எடையைப் பார்ப்பதில்லை. இந்த உடல் எடை உள்ள ஒரு பறவைக்கு வழக்கமாக எவ்வளவு மூளை இருக்கும், இந்தப் பறவைக்கு அதைவிடக் கூடுதலா குறைவா என்று பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் காகமும் கிளியும் மேலே நிற்கும். கோழி, காடை, புறா எல்லாம் கீழே.

சரி, மூளை பெரிதாக இருப்பது உதவுகிறது என்பதை எப்படிச் சோதிப்பது? நூற்றுக்கணக்கான இனங்களைப் பிடித்துத் தெரியாத நாடுகளில் கொண்டுபோய் விட்டு, எது பிழைக்கிறது என்று எந்த ஆய்வாளரும் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் குடியேற்றக் காலத்தில் மனிதர்கள் அதைத்தான் செய்தார்கள். வெட்டுக்கிளியை ஒழிப்பதற்காக 1762-இல் நம் மைனாவை இந்தியாவிலிருந்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். 1862-இல் அது மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது. 1850-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் சிட்டுக்குருவியை நியூயார்க்கின் புரூக்ளினில் பறக்கவிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெளிநாட்டு உயிரினங்களைக் கொண்டுவந்து விடுவதற்கென்றே சங்கங்கள் இருந்தன. பூச்சியை ஒழிக்க, வேட்டையாட, பாட்டுக் கேட்க, சொந்த ஊர் நினைவுக்காக என்று பல காரணங்கள். எந்தப் பறவை, எந்த ஆண்டு, எத்தனை ஜோடி, பிழைத்ததா இல்லையா என்று பலரும் குறித்தும் வைத்தார்கள். சூழலுக்கு அவர்கள் செய்த கேடு பெரிது. அந்தக் குறிப்புகள் மட்டும் இன்று பயன்படுகின்றன.

ஸ்பெயினின் டேனியல் சோல், கனடாவின் லூயி லெஃபெவ்ர் முதலானோர் இப்படிப்பட்ட 600-க்கும் மேற்பட்ட பறவை அறிமுகங்களைத் தொகுத்து 2005-இல் ஆய்வு வெளியிட்டார்கள். உடலளவோடு ஒப்பிட்டால் பெரிய மூளை உள்ள இனங்களே புதிய இடத்தில் அதிகம் காலூன்றியிருந்தன. 2008-இல் பாலூட்டிகளிலும் இதே போக்கு தெரிந்தது. 2011-இல் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ஷைன் குழு ஊர்வனவற்றையும் தவளை இனங்களையும் எடுத்துப் பார்த்தபோது அங்கேயும் கிட்டத்தட்ட அதே விடை. வேறு காரணங்களும் உண்டு. எத்தனை உயிர்களைக் கொண்டுவந்து விட்டார்கள் என்பது மிகப் பெரிய காரணம்: பத்துப் பறவைகளை விட்டால் ஒரு புயலில் போய்விடும், ஐந்நூறை விட்டால் தப்பிக்க வழியுண்டு. அதையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் மூளையின் பங்கு மிஞ்சி நின்றது என்பதுதான் முக்கியம்.

ஆனால் மூளை பெரிதாக இருப்பதால் மட்டும் யாரும் உயிர் பிழைப்பதில்லை. அந்த மூளை எதையாவது செய்ய வேண்டும். அது என்ன செய்கிறது என்று அளக்க லெஃபெவ்ர் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. பறவை நோக்குவோர் இதழ்களின் கடைசிப் பக்கங்களில் "இந்தப் பறவை இப்படிச் செய்ததை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை" என்று சிறு குறிப்புகள் வரும். அவற்றைப் பத்தாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் புரட்டி, புதிய உணவு அல்லது உணவு தேடும் புதிய உத்தி பற்றிய ஆயிரக்கணக்கான குறிப்புகளைச் சேர்த்தார். அன்டார்க்டிகாவில் ஸ்கூவா என்ற கடற்பறவை, சீல் குட்டிகளோடு குட்டியாக நுழைந்து தாயின் பாலைக் குடித்திருக்கிறது. ஸிம்பாப்வே விடுதலைப் போரின்போது, கண்ணிவெடி புதைத்த நிலத்தின் வேலியில் பாறு கழுகுகள் உட்கார்ந்து, மேய வரும் மான் வெடியில் சிக்கும்வரை காத்திருந்திருக்கின்றன. நியூசிலாந்தின் ஹாமில்டன் பேருந்து நிலையத்தில் சிட்டுக்குருவிகள் தானியங்கிக் கதவின் உணர்கருவிக்கு முன்னால் சிறகடித்து நின்று, கதவைத் திறக்கவைத்து, உள்ளே உணவகத்துக்குப் போயிருக்கின்றன. எந்த இனத்தை அதிகம் பேர் பார்க்கிறார்கள், எதைப் பற்றி அதிகம் எழுதுகிறார்கள் என்ற வேறுபாட்டைச் சரிசெய்த பிறகு, இத்தகைய குறிப்புகள் காகம், கிளி போன்ற பெரிய மூளை உள்ள குடும்பங்களிலேயே குவிந்திருந்தன. புதிய நாட்டில் காலூன்றிய இனங்களும் இந்தப் பட்டியலில் மேலே இருந்தன. மூளையிலிருந்து வெற்றிக்குப் போகும் வழி, புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பதன் வழியாகப் போகிறது என்று அவர்கள் சொன்னது இதை வைத்துத்தான்.

ஒரு பறவை கண்டுபிடித்தால் போதுமா? போதாது, பரவ வேண்டும். சிட்னி நகரில் மஞ்சள் கொண்டை காக்கட்டூ என்ற கிளிகள் வீட்டுக் குப்பைத்தொட்டிகளைத் திறக்கும் பழக்கம் இதற்கு அண்மைய உதாரணம். தொட்டியின் மூடி கனமானது, கீல் வைத்தது. காக்கட்டூ மூடியின் முன்விளிம்பை அலகால் நெம்பித் தூக்குகிறது. தூக்கியதைக் கீழே விடாமல், தொட்டியின் விளிம்பிலேயே கீல் இருக்கும் பக்கமாக அடி அடியாக நடக்கிறது. மூடி செங்குத்தாக வந்ததும் தள்ளிவிட்டால் பின்பக்கம் விழுந்துவிடும். 2018-க்கு முன் மூன்று புறநகர்களில்தான் இதைப் பார்த்ததாக மக்கள் சொன்னார்கள். 2019 இறுதிக்குள் 44 புறநகர்கள். பக்கத்துப் பகுதிகளுக்கு முதலில், தூரத்துக்குப் பிறகு என்று பரவியதைப் பார்த்தால், ஒன்றைப் பார்த்து இன்னொன்று கற்றது தெளிவாகிறது. ஊருக்கு ஊர் திறக்கும் முறையிலும் சிறு வேறுபாடு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அடையாளமிட்ட காக்கட்டூக்களில் சுமார் பத்தில் ஒரு பங்குக்குத்தான் திறக்கத் தெரிந்தது, அவற்றிலும் பெரும்பாலானவை ஆண்கள். மற்றவை திறந்த பிறகு வந்து தின்றன. ஒரே அளவு மூளை உள்ள ஒரே இனத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்றால், மூளையளவு எவ்வளவு தோராயமான அளவுகோல் என்று புரியும்.

அடுத்து, புதியதைக் கண்டால் பயப்படுவதா, போய்க் கொத்திப் பார்ப்பதா என்ற விஷயம். தெரியாத நாட்டில் எது உணவு, எது விஷம் என்று தெரியாது. எதையும் தொடாமல் இருந்தால் பட்டினி. எல்லாவற்றையும் தொட்டால் சாவு. சிட்டுக்குருவியை வைத்து லின் மார்ட்டின் இதை அழகாகக் காட்டினார். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் சிட்டுக்குருவிகள் ஏறக்குறைய 150 ஆண்டுகளாக இருக்கின்றன. பனாமாவின் கொலோன் நகருக்கு அவை வந்து அப்போது 30 ஆண்டுகள்கூட ஆகவில்லை. இரு ஊர்க் குருவிகளுக்கும் பழக்கமில்லாத உணவைக் கொடுத்ததில், பனாமாக் குருவிகள் சீக்கிரம் வந்து தின்றன. பிரின்ஸ்டன் குருவிகள் தயங்கின. கென்யாவிலும் இதே கதைதான். 1950-களில் மொம்பாசாவில் நுழைந்த சிட்டுக்குருவி அங்கிருந்து உள்நாட்டுக்குள் பரவிக்கொண்டே போகிறது. பரவலின் விளிம்பில், அதாவது புதிதாகப் போய்ச் சேர்ந்த ஊர்களில் இருக்கும் குருவிகள் அதிகம் துருவிப் பார்க்கின்றன, புதிய உணவைச் சீக்கிரம் சுவைக்கின்றன, ஆபத்து வந்தால் அவற்றின் உடலில் பதற்ற ஹார்மோனும் அதிகமாகச் சுரக்கிறது. பழைய ஊர்க் குருவிகள் அடக்கமானவை. இனம் ஒன்று, மூளையும் ஏறக்குறைய ஒன்று. காலூன்றி முடிந்ததும் துணிச்சலுக்குக் கிடைத்த பலன் குறைந்துவிடுகிறது. எதை நம்பலாம் என்று ஊரே அறிந்துவிட்ட பிறகு, தெரியாததைத் தொடுகிறவன்தான் நோயில் விழுகிறான்.

மைனாவின் பலம் இன்னொரு விதம். ஆஸ்திரேலியாவில் அதைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கொல்கிறார்கள், ஆனாலும் குறையவில்லை. ஆண்ட்ரியா கிரிஃபின் செய்த ஒரு சோதனையில், ஒரு மைனா ஒரு குறிப்பிட்ட இடத்தில் மனிதரிடம் பிடிபடுவதை இன்னொரு மைனா பார்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த மைனாவை யாரும் தொடவில்லை. ஆனாலும் அந்த இடத்துக்குத் திரும்ப வரும்போது அது எச்சரிக்கையாகிவிட்டது. அடுத்தவருக்கு நேர்ந்ததைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் பறவையை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒழிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுக் காக்கையும் அப்படித்தான். 1890-களில் ஸான்ஸிபாருக்குப் போன அது கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுக்கப் பரவி, சின்னப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்து, 2024-இல் கென்ய அரசு பத்து லட்சம் காக்கைகளைக் கொல்லப்போவதாக அறிவிக்கும் நிலைக்கு வந்தது. இங்கே அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிற பறவை அங்கே கொடிய ஊடுருவி. அதன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கொண்டுபோனவர்கள் நாம்.

இப்போது பரிணாமம் நின்றுவிடாதா என்ற பகுதி. இதில் இரண்டு கட்சிகள் உண்டு. கலிஃபோர்னியாவின் ஆலன் வில்சன் 1983-இல் சொன்னது: பெரிய மூளை உள்ள விலங்கு புதிய பழக்கத்தைக் கண்டுபிடிக்கும், அது கூட்டத்தில் பரவும், கூட்டமே புதிய வாழ்க்கைக்கு மாறியதும் அந்த வாழ்க்கைக்கு ஏற்ற உடலை இயற்கை தேர்ந்தெடுக்கும், ஆகவே நடத்தை பரிணாமத்தை முடுக்கிவிடும். இங்கிலாந்தில் 1921 முதல் பதிவான, பால் புட்டியின் மூடியைக் கொத்திப் பாலாடை தின்ற டிட் குருவிகளை அவர் உதாரணம் காட்டினார். எதிர்க்கட்சிக்கு அடித்தளம் போட்டவர் சார்லஸ் போகர்ட். 1949-இலேயே அவர் சொன்னது: பல்லி வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த் தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்கிறது, ஆகவே மலை ஏறினாலும் அதன் உடலுக்குக் குளிர் உறைப்பதில்லை, இயற்கைத் தேர்வுக்கும் வேலை இல்லை. மழையில் குடை பிடித்தவர் தோலில் மழை படாத மாதிரி.

யார் சொன்னது சரி? கரீபியனில் ஹிஸ்பானியோலா தீவில் ஒரு அனோலிஸ் பல்லி கடற்கரையிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைகள்வரை வாழ்கிறது. மார்த்தா முன்யோஸ் அதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். கடற்கரையில் இந்தப் பல்லி மரத்தண்டுகளில் உட்காருகிறது. அங்கே நிழல் தாராளம், சூடேறாமல் இருப்பதுதான் தேவை. மலை உச்சியில் காற்று குளிர்கிறது, மரத்தில் உட்கார்ந்தால் உடல் சில்லிட்டுவிடும். ஆகவே அது மரத்தை விட்டு இறங்கி, வெயிலில் காய்ந்த பாறைகள் மேல் படுத்துக்கொள்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் பகல் நேரத்தில் மலைப்பல்லியின் உடல் வெப்பம் கடற்கரைப் பல்லியின் வெப்பத்துக்கு அருகிலேயே இருக்கிறது. எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று அளந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. போகர்ட் சொன்னது அப்படியே பலிக்கிறது.

ஆனால் இரவில் வெயிலும் இல்லை, சூடான பாறையும் இல்லை. எங்கே போய் ஒளிந்தாலும் குளிர். நடத்தையால் தப்பிக்க வழியில்லாத அந்த நேரத்தில் இயற்கைத் தேர்வு தன் வேலையைச் செய்திருக்கிறது: மலைப்பல்லிகள் கடற்கரைப் பல்லிகளைவிடக் கடுங்குளிரைத் தாங்குகின்றன. அதோடு முடியவில்லை. பாறையில் வாழப் போனதால், பாறை இடுக்குகளில் நுழைவதற்கு ஏற்ற மாதிரி மலைப்பல்லியின் மண்டையோடு தட்டையாகியிருக்கிறது, பின்கால்கள் குட்டையாகியிருக்கின்றன. சூட்டுத் தாங்குதிறன் மாறாமல் தடுத்த அதே பழக்கம், எலும்பை மாற்றிவிட்டது! ஒரே பல்லியில் போகர்ட் சொன்னதும் சரி, வில்சன் சொன்னதும் சரி. ஆகவே பரிணாமம் நிற்குமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த உறுப்பில், எந்த நேரத்தில் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வைப் படிக்க நேரம் உண்டு என்றால் இந்தப் பல்லி ஆய்வைப் படியுங்கள் என்பேன்.

பல்லியின் மூளை ஒன்றும் பெரிதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். நடத்தை மாறுவதற்குப் பெரிய மூளை கட்டாயமில்லை. ஹவாயின் கவாயி தீவில் ஒரு சுவர்க்கோழி இனம் இருக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஈ, ஆண் சுவர்க்கோழியின் பாட்டைக் கேட்டே அதைக் கண்டுபிடித்து, தன் புழுக்களை அதன் மேல் விட்டுவிடும். புழுக்கள் உள்ளே புகுந்து அதைத் தின்று கொல்லும். பாடினால் சாவு, பாடாவிட்டால் பெண் வராது. 2003-இல் மார்லீன் ஸுக் குழுவினர் போய்ப் பார்த்தபோது தீவில் ஆண்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஊமையாகிவிட்டிருந்தன. சிறகில் ஒலியெழுப்பும் அமைப்பே இல்லாத ஒரு மரபணு மாற்றம், இருபது தலைமுறைக்குள் பரவியிருந்தது. ஊமை ஆண்களுக்குப் பெண் எப்படிக் கிடைத்தது? மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பாடகர்களைச் சுற்றிப் போய் நின்றுகொள்கின்றன, பாட்டைக் கேட்டு வரும் பெண்களை வழிமறிக்கின்றன. அடுத்தவன் பாட்டுக்கருகே ஒதுங்கி நிற்கும் இந்தப் பழக்கம் சுவர்க்கோழிகளிடம் ஈ வருவதற்கு முன்பே இருந்தது. அது இல்லாவிட்டால் ஊமைச் சிறகு வந்த முதல் ஆணோடேயே அந்த மரபணு அழிந்திருக்கும். குண்டூசித் தலை அளவு மூளைதான். ஆனால் பழைய பழக்கம் ஒன்று சரியான நேரத்தில் கைகொடுத்தது.

பழைய பழக்கம் காலை வாரிவிடுவதும் உண்டு. சென்னைக் கடற்கரையில் முட்டை பொரித்து வரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் இருட்டில் வெளிச்சமான திசையை நோக்கிப் போகும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தத் திசை கடல். இன்று அது தெருவிளக்கு. 1988 முதல் மாணவத் தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அந்தக் குஞ்சுக்குக் கற்றுக்கொள்ள அவகாசமே இல்லை. முதல் தவறே கடைசித் தவறு. புத்தி உதவ வேண்டுமென்றால், தவறு செய்துவிட்டு உயிரோடு இருக்க வாய்ப்பு வேண்டும்.

மூளை சின்னதாக இருந்தும் உலகை ஆள்கிறவை எப்படிச் சமாளிக்கின்றன? கரும்புத் தேரையை 1935-இல் ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தபோது நூற்றுச் சொச்சம்தான். இன்று வட ஆஸ்திரேலியா முழுக்க அதுதான். உடலில் விஷம், ஒரே தடவையில் பல ஆயிரம் முட்டை; அதற்கு யோசனை எதற்கு? மாடப்புறாவும் மூளைக் கணக்கில் கீழேதான் இருக்கிறது, ஆனாலும் அது இல்லாத நகரமே இல்லை. 27 நகரங்களின் 600-க்கும் மேற்பட்ட பறவை இனங்களை வைத்து ஃபெரான் சயோல் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகப் பிரித்துக் காட்டியது: நகரத்தைத் தாங்கும் பறவைகளில் சில பெரிய மூளையை நம்புகின்றன, சில வாழ்நாளில் பல தடவை முட்டையிடுவதை நம்புகின்றன. புறா இரண்டாவது வகை. ஒரு ஈட்டில் குஞ்சுகள் போனால் அடுத்த ஈடு. கடுங்குளிர் நாடுகளிலும் இப்படி வேறு வழிகள் தெரிகின்றன. காக்கைக் குடும்பம் மூளையைக் கொண்டு குளிர்காலத்தைக் கடக்கிறது. க்ரௌஸ் போன்ற கோழி இனங்கள் சின்ன மூளையும் பருத்த உடலுமாக, ஊசியிலையைத் தின்றே கடக்கின்றன. வலசை போகிறவை குளிருக்கு முன்பே கிளம்பிவிடுகின்றன. அங்கேயே தங்கும் உறவினர்களைவிட அவற்றுக்கு மூளை பொதுவாகச் சிறிது.

மூளை இவ்வளவு நல்லதென்றால் எல்லாமே ஏன் அதைப் பெருக்கிக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். தீனி அதிகம் வேண்டும், அதுதான் காரணம். நம் உடல் எடையில் மூளை 2 சதவீதம், ஓய்வில் செலவாகும் ஆற்றலில் அதற்குப் போவது சுமார் 20 சதவீதம். ஸ்வீடனில் அலெக்ஸாண்டர் கோட்ரஷால் குழு கப்பி மீன்களில் இதை நேராகவே சோதித்தது. மீன்கடைத் தொட்டிகளில் பார்க்கிற அதே கப்பிதான். பெரிய மூளை உள்ள பெற்றோரின் குஞ்சுகளைத் தனியாகவும் சின்ன மூளை உள்ள பெற்றோரின் குஞ்சுகளைத் தனியாகவும் வளர்த்து வந்ததில், இரண்டே தலைமுறையில் மூளையளவில் 9 சதவீத வித்தியாசம் வந்துவிட்டது. பெரிய மூளைப் பெண் மீன்கள் இரண்டு குறிகளுக்கும் நான்கு குறிகளுக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகக் கற்றன. பின்னொரு சோதனையில், வேட்டை மீன் உள்ள தொட்டியில் அவை அதிகம் உயிர் பிழைத்தன. ஆனால் பெரிய மூளை மீன்களின் குடல் சிறுத்துவிட்டது, குஞ்சுகளும் 19 சதவீதம் குறைந்தன. கண்ணுக்கு முன்னால் தெரியும் கணக்கு இது.

பாலூட்டிகளில் இந்தக் கணக்கு காலமாக வருகிறது. யானை 22 மாதம் சுமக்கிறது. ஒராங்குட்டான் தாய்க்கு ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏழெட்டு ஆண்டு. பெரிய மூளை வளர்ந்து, கற்று, பயன்பட ஆரம்பிக்க அவ்வளவு காலம் பிடிக்கிறது. சாவு குறைவாக இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. துப்பாக்கியும் காடழிப்பும் வந்து சாவை ஏற்றிவிட்டால், இழந்ததை ஈடுகட்டும் வேகம் அவற்றுக்குக் கிடையாது. பாலூட்டிகளைப் பற்றிய 2016 ஆய்வொன்று, பெரிய மூளை உள்ளவை இந்த மெதுவான வாழ்க்கை காரணமாகவே அழிவுக்கு அதிகம் ஆளாகின்றன என்று காட்டியது. புதிய தீனியைக் கண்டுபிடிக்க யானைக்குப் புத்தி தாராளமாக இருக்கிறது. குட்டி போடும் வேகத்தைக் கூட்டத்தான் அதனால் முடியாது.

மூளையளவை வைத்துப் பேசும் எல்லா ஆய்வுகள் மேலும் நியாயமான ஒரு குறை உண்டு. மூளை ஒரே கட்டி கிடையாது. வாசனைக்கு ஒரு பகுதி, பாட்டுக்கு ஒரு பகுதி, நினைவுக்கு ஒரு பகுதி. மொத்த எடையை மட்டும் பார்த்தால் எது பெருத்தது என்று தெரியாது. அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே நரம்பணுக்கள் ஒன்றாக இருக்காது: மக்காவ் கிளியின் மூளை அக்ரூட் கொட்டை அளவுதான், ஆனால் முன்மூளை நரம்பணுக்களில் அது மக்காக் குரங்கை மிஞ்சுவதாக 2016-இல் எண்ணிக் காட்டினார்கள். ஆகவே பல நூறு இனங்களை வரிசைப்படுத்திப் போக்கைச் சொல்வதற்கு மூளையளவு போதும். "இந்த ஒரு இனம் எங்கள் ஊரில் பரவுமா?" என்று கேட்டால் நான் அதை நம்ப மாட்டேன். அது எத்தனை வகை உணவு தின்கிறது, ஆண்டுக்கு எத்தனை தடவை குஞ்சு பொரிக்கிறது, இதற்கு முன் வேறெங்காவது காலூன்றியிருக்கிறதா என்று முதலில் கேட்பேன்.

கடைசியாக, இதோடு சேர்ந்தே வரும் கேள்வி: நகரங்கள் விலங்குகளின் மூளையைப் பெருக்குகின்றனவா? அமெரிக்காவின் மினசோட்டாவில் எமிலி ஸ்னெல்-ரூட் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த மண்டையோடுகளை எடுத்துப் பத்துப் பாலூட்டி இனங்களில் மூளைக்கான இடத்தை அளந்தார். வெள்ளைக்கால் எலி ஒன்று, புல்வெளி எலி ஒன்று என்று இரண்டு இனங்களில் நகரத்தவற்றுக்குக் கிராமத்தவற்றைவிட இடம் அதிகம் இருந்தது. ஆனால் நகரத்துக்குள் காலம் போகப் போக அது கூடவில்லை. இரண்டு இனங்களில் குறையும் போக்குகூடத் தெரிந்தது. நகரத்துக்குள் நுழையும்போது கூர்மையானவை தேறின, ஊர் பழகிய பிறகு அந்தக் கூர்மைக்கு முன்பிருந்த விலை இல்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பனாமாக் குருவிக்கும் பிரின்ஸ்டன் குருவிக்கும் இடையே பார்த்த அதே வித்தியாசம்தான். இன்னொன்றும் தெரியவந்தது, இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பூச்சி தின்னும் வௌவால்களிலும் மூஞ்சுறுகளிலும் மூளைக்கான இடம் காலப்போக்கில் கூடியிருந்தது கிராமப்புறத்தில்தான். காடு வெட்டுப்பட்டும் விளைநிலம் மாறியும் அந்தக் கிராமங்களும் இந்த நூறாண்டில் அவற்றுக்குப் புதிய இடமாகத்தான் ஆகியிருக்கின்றன.